சொல் ஓய்ந்த இடமும் இசை எழுந்த இடமும்
பூண்டிப் பதிகம் முதல் அறச்சலூர்க் கல்வெட்டு வரை

பறிகொடுத்தவன் குரல்

கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று திருமுருகன்பூண்டி. திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் பெருவழியில் மேற்கு நோக்கி அமைந்த திருமுருகநாதர் கோயில் இவ்வூரின் நடுநாயகம். கற்சிற்பிகளின் உளியோசைக்கும் பெயர் பெற்றது இவ்வூர். இவ்விரண்டினும் மேலாக, தமிழ் இசை வரலாற்றில் இதற்குரிய இடம் ஒரு வழிப்பறியால் வந்தது.

சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் மணியும் ஆடையும் சுமந்த ஆட்களுடன் சுந்தரர் இவ்வழியே வருகிறார். சிவபெருமானின் ஆணைப்படி பூதகணங்கள் வேடர் உருக்கொண்டு அனைத்தையும் கவர்ந்துகொள்கின்றன. வெறுங்கையராய்க் கோயிலுள் புகுந்த சுந்தரர் பாடுகிறார். பாட்டு முடிகையில் பறித்த பொருளெல்லாம் கோயில் வாயிலில் குவிந்து கிடக்கின்றன. சேக்கிழார் இதனைக் கழறிற்றறிவார் புராணத்துள் வைத்து உரைத்தார். களவு போன இடத்தைக் கூவி உணர்த்தியவர் அருகிலுள்ள கூப்பிடு பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. மாசித் திங்களில் நிகழும் வேடுபறித் திருவிழா அந்நிகழ்ச்சியை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறது.

அடியவர்க்கு இது அருட்செயல். பாவலர்க்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. சுந்தரர் தம்மை வழிமறித்தோரை வடுக வேடுவர் என்று சுட்டுகிறார். வடுகர் வேற்றுமொழி பேசுவோர் என்பது சங்க நூல்கள் தொட்டு வரும் செய்தி. அவர்கள் அச்சுறுத்தியதைக் கூறுமிடத்து முதற்பாட்டிலேயே ஓர் ஒலிக்குறிப்பை வைக்கிறார். அதனைப் பகுத்துப் பொருள் காண்பதினும், கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடுதலே அதன் பொருள் என்று கொள்வது பொருந்தும். மொழி புரியாத இடத்தில் முதலில் வந்து தாக்குவது ஒலி. ஒலி சுமந்து வருவது உணர்ச்சி. நாவலூரர் அதனை அறிந்தே அந்தக் குறிப்பைத் தம் செந்தமிழுக்குள் அப்படியே அமர்த்தினார்.

சொல்லின்றிப் பாடுதல், சொல் விளங்காதபோதும் உள்ளம் உருகுதல் ஆகியவற்றின் தமிழ் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பூண்டி நல்லதொரு தொடக்கம். அவ்வரலாற்றின் தலையாய சான்றுகளுள் மூன்று கொங்கு மண்ணைச் சார்ந்தவை என்பது பலர் கருதாத ஒன்று.

இலக்கணம் திறந்து வைத்த வாயில்

தமிழ் இலக்கணம் சொல்லையும் பொருளையும் இறுகப் பிணைத்தது. எனினும் இசைக்கு ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை, ஒற்று அரை மாத்திரை என வரையறுத்த தொல்காப்பியர், நூல்மரபை முடிக்குமிடத்து, உயிர் தன் அளவைக் கடந்து நீளுதலும் ஒற்றிசை நீளுதலும் உண்டென்றும், அவை நரம்பின்கண் நிகழும் இசைநூலார் துறை என்றும் விலக்கு வகுத்தார். எழுத்திலக்கணத்தின் எல்லைக்கல்லில் இசையின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

இடைச்சொற்களைப் பேசுமிடத்தும் இந்த நுட்பம் புலனாகும். பொருள் ஏதும் தாராமல் செய்யுளின் ஓசையை நிரப்ப நிற்கும் சொற்களை இசைநிறை என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது நம் மரபு. அவற்றைக் குற்றமெனத் தள்ளவில்லை. மெய்ப்பாட்டியலோ நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை உணர்வை உடம்பின்வழிக் கண்டு கொண்டது. விம்மல், நடுக்கம், மயிர்க்கூச்சு ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

ஆக, தமிழில் பொருளற்ற ஒலி என்பது வறிதே கழிவது அன்று. பொருள் இல்லாத இடத்தில் பயன் இருக்கக்கூடும் என்பதே இலக்கண ஆசிரியரின் துணிபு.

கள்வர் கேட்ட பாலைப்பண்

பூண்டிப் பதிகத்துக்குரிய பண் பழம்பஞ்சுரம். இன்று ஓதுவார் இதனைச் சங்கராபரண இராகத்தில் பாடுவர். பஞ்சுரம் என்னும் பண்ணின் பெயர் சங்கப் பாடலிலேயே உண்டு. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. வேங்கைப் பூக் கொய்வோர் பஞ்சுரம் எழுப்புகின்றனர். அதனைக் கேட்ட வழிச்செல்வோர் மிக அஞ்சுகின்றனர். பூப்பறிப்போரின் களிப்பு, காட்டுவழி நடப்போர் காதில் கள்வரின் கூச்சலாக விழுகிறது. அங்கே சொல் எதுவும் காதில் விழவில்லை; பண் மட்டுமே விழுந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பொருநராற்றுப்படை காட்டும். பாலை யாழின் இசை கேட்டால் வழிப்பறி செய்யும் கள்வரும் படைக்கலத்தைக் கைவிடுவர். அருளுக்கு மாறான அவர் நெஞ்சம் அருளின் பக்கம் திரும்பும் என்பது முடத்தாமக்கண்ணியார் கருத்து. இங்கும் சொல் இல்லை. நரம்பின் ஒலி மட்டுமே கொடியவனைக் கனிய வைக்கிறது.

இவ்விரண்டையும் பூண்டி நிகழ்ச்சியோடு ஒருங்கு வைத்துக் காணுதல் இன்பம் பயக்கும். பாலை வழி, வேடர், பறித்தல், பாட்டு, பறித்தது மீளல் என்னும் நிரல் மூன்றிலும் நிழலாடுகிறது. சங்கப் பஞ்சுரமும் தேவாரப் பழம்பஞ்சுரமும் ஒன்றே எனத் துணிந்துரைக்க இயலாது. ஒரு பெயர் ஆயிரம் ஆண்டில் வேறு வேறு இசைக்கு உரியதாகலாம். ஆயினும் கள்வர் நடுவே நின்று பாடிய ஒருவரின் பாடல், பாலை நிலத்தின் பெயர் மணக்கும் பண்ணில் வழங்கி வருவது மரபின் நினைவாற்றலைக் காட்டுகிறது. சொல் மறந்த செய்தியைப் பண் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

நிரம்பையார் உரைத்த ஆளத்தி

சொல் இல்லாப் பாடலுக்குத் தமிழர் இட்ட பெயர் ஆளத்தி. பிற்காலத்தார் ஆலாபனை என்பர். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் இதன் இலக்கணத்தை விரிக்கிறார். மகர ஒற்றால் சுருதியோடு கலந்து தொடங்குதல், குறிலும் நெடிலுமாகிய உயிர்களை விரித்தல், தென்னா, தெனா என்னும் அசைகளைக் கொண்டு பண்ணை வளர்த்தல் என அவர் தரும் செய்திகள் இன்றைய கச்சேரி மேடைக்கும் பொருந்துவன. காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று அதனை வகைப்படுத்தியும் காட்டுகிறார்.

உதடு மூடிய நிலையில் மூக்கின் வழி எழும் மகர ஒலியே சுருதியில் நிலைகொள்ள ஏற்றது என்பதை இன்றைய பாடகரும் பயிற்சியால் அறிவர். குழந்தை முதலில் பழகும் ஒலிகளுள் ஒன்றும் அதுவே. பாடல் பிறக்குமிடமும் பேச்சுப் பிறக்குமிடமும் ஒன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இவ்வுரையாசிரியர் கொங்கு நாட்டு நிரம்பை என்னும் ஊரினர் எனக் கொங்குமண்டல சதகம் போற்றுகிறது. 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை இவ்வுரையோடு பதிப்பித்திராவிடின், ஆளத்தி என்னும் சொல்லும் அதன் இலக்கணமும் ஏட்டோடு மடிந்திருக்கக்கூடும். கொங்கு நாட்டார் ஒருவர் எழுதிவைத்த உரையால் தமிழர்தம் சொல்லில்லா இசையின் இலக்கணம் பிழைத்தது.

கல்லில் நின்ற அசைகள்

ஈரோட்டுக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட அறச்சலூர் மலையில் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் அறிஞர் பலரும் அதன் காலத்தை வைப்பர். வேந்தன் புகழோ கொடையோ அதில் இல்லை. தகர வரிசை அசைகளே ஐந்து வரியில், வரிக்கு ஐந்தாக வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும், திருப்பிப் படித்தாலும் ஒரே ஒழுங்கு. கூத்துக்குரிய சொற்கட்டு என்றும் தாள அமைப்பு என்றும் இதனை ஆய்ந்தோர் கூறுவர்.

அருகில் ஒரு பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்பவன் இவ்வெழுத்துகளைப் புணர்த்தவன். வண்ணக்கன் என்பது மணியின் தரம் நோக்குபவனைக் குறிக்கும். பொருள் அற்ற அசைகளை மணிபோல் தேர்ந்து கோத்த ஒருவன், அதனைத் தன் பெயர் பொறிக்கத் தகுந்த படைப்பாகக் கருதினான். தமிழில் பெயர் அறியப்பட்ட மிகப் பழைய படைப்பாளருள் ஒருவன் அகராதிச் சொல் ஒன்றுமின்றிப் படைத்தான் என்பது பாவலர் உள்ளத்தில் நிறுத்த வேண்டிய செய்தி.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக் கல்வெட்டு இதற்குப் பிற்பட்டது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினது. ஏழு பகுதியாக அமைந்த அதில் ஏழிசையின் சுர எழுத்துகளே நிரல் நிரலாக உள்ளன. பாடற்சொல் ஒன்றும் இல்லை. அரிதின் முயன்று கல்லை வெட்டுவோர் பொருளற்றதை வெட்டார். இவ்விரு கல்வெட்டும் எழுதியோர்க்கு ஒலியே பொருளாயிற்று.

ஆயினும் ஒரு குறை உண்டு. அசை நின்றது, அதன் ஓசை நிற்கவில்லை. தேவன் சாத்தன் எந்த விரைவில், எந்த ஏற்ற இறக்கத்தில் அதனை ஒலித்தான் என்பதைக் கல் சொல்லவில்லை.

தொகையடியார் இருவர்

பூண்டியில் சொல்லால் பொருள் மீட்ட சுந்தரர், திருத்தொண்டத்தொகை பாடியபோது சொல்லின்றி இசைத்தோரையும் அடியாராக வணங்கினார். அவருள் ஒருவர் மேல்மழநாட்டுத் திருமங்கலத்து ஆனாயர். ஆநிரை மேய்த்தவர். கார்காலத்தில் பூத்துத் தொங்கும் கொன்றையைச் சடைமுடியான் திருவுருவாகக் கண்டு, திருவைந்தெழுத்தை வேய்ங்குழலில் இசைத்தார். மேய்ந்த பசு புல்லை மறந்தது. பால் உண்ட கன்று வாயில் நுரையோடு நின்றது. பாம்பும் மயிலும் பகை மறந்து அருகருகே வந்தன எனச் சேக்கிழார் பாடுவார்.

குழலுக்கு நா இல்லை. அது ஐந்தெழுத்தை உச்சரிக்க இயலாது. உச்சரித்தாலும் பசுவுக்குப் பொருள் தெரியாது. எனினும் ஐந்தெழுத்தே இசைக்கப்பட்டது என்கிறது புராணம். இசைப்பவன் நெஞ்சில் சொல் இருந்தது. கேட்ட உயிர்களுக்கு அச்சொல்லின் உருக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. சொல்லில்லா இசை வெறுமையான இசை அன்று என்பதற்கு இதனினும் நுட்பமான விளக்கம் கிடைத்தல் அரிது.

மற்றொருவர் எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர். சம்பந்தர் பதிகங்களை யாழில் இட்டவர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகம் நரம்பில் அடங்காதபோது அவர் யாழை உடைக்க முற்பட்டார், பிள்ளையார் தடுத்தார். மிடறு செல்லும் எல்லாவிடத்தும் கருவி செல்லாது என்பது அந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

அந்த யாழும் பின்னர் மறைந்தது. ஈழத்துக் காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் ஆண்டுகள் பல உழைத்து யாழ் நூல் எழுதி, 1947-இல் அதனை அரங்கேற்றி, அவ்வாண்டிலேயே மறைந்தார். நூலால் யாழின் அமைப்பை மீட்க முயலலாம்; நீலகண்டரின் விரல் எழுப்பிய ஒலி மீளுமா?

தேவாரத்துக்கும் இந்நிலை நேர்ந்தது. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து நம்பியாண்டார் நம்பி பதிகங்களைத் திரட்டினார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் நினைவிலிருந்தே பண்முறை அமைக்கப்பட்டது. ஏடு காத்தது பாதி. மிடறு காத்தது மறுபாதி. இவ்விரண்டுள் எளிதில் அழிவது மிடறு காப்பதே.

சந்தம் என்னும் எலும்பு

பூண்டிக்கு வந்த மற்றொரு பாவலர் அருணகிரிநாதர். இத்தலத்து முருகன்மேல் அவர் பாடிய திருப்புகழ் உண்டு. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1894 முதல் திருப்புகழைத் தொகுத்து அச்சேற்றினார். அருணகிரியார் அவற்றைப் பாடிய பழைய மெட்டு எங்கும் கிடைக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் தன, தான, தந்த என்னும் அசைகளால் ஆன சந்தக் குழிப்பு இடம்பெறுகிறது. பாட்டின் சொற்களை அகற்றினால் எஞ்சுவது இந்த எலும்புக்கூடு, இதன்மேல் வேறு சொல்லை உடுத்தலாம், எலும்பு மாறாது.

மெட்டு அழிந்தும் சந்தம் அழியாமைக்குக் காரணம் வெளிப்படை. அருணகிரியார் வல்லினம், மெல்லினம், குறில், நெடில் ஆகியவற்றின் அமைப்பிலேயே ஓசையைப் பதித்துவிட்டார். சொல்லுக்குள் சொல்லில்லா இசையைப் புதைத்தவர் அவர். அறச்சலூரில் தேவன் சாத்தன் தனியே நிறுத்திய அசைகளை, அருணகிரியார் பொருளுடைய சொற்களின் உள்ளே நடமாட விட்டார் எனலாம். இன்று மரபுக் கவிதை எழுதுவோர் வாய்க்குள் தனதான என முணுமுணுத்துப் பின் சொல் தேடுவதும் இதன் தொடர்ச்சியே.

தொட்டிலும் கிணற்றடியும்

கோயிலையும் மேடையையும் விட்டு வீட்டுக்கும் வயலுக்கும் வந்தால், பெயர் தெரியாத பாவலரின் சொல்லில்லா இசை பரந்து கிடக்கிறது. தாலாட்டு என்பதில் தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை ஆட்டி எழுப்பும் ஒலியே தாலாட்டு. ஆராரோ, ஆரிரரோ என்னும் அசைகள் முன் செல்ல, மாமன் சீரும் அத்தை பரிவும் ஆகிய சொற்கள் பின் தொடர்கின்றன. குழந்தைக்குச் சொற்கள் தேவையில்லை. அவை தாய்க்குத் தேவை. தன் பிறந்தகத்து நினைவையும் புகுந்த வீட்டுக் குறையையும் அவள் அங்கே இறக்கி வைக்கிறாள். குழந்தை கண்ணயரும்போது சொல் மெல்ல விலகுகிறது. மகர ஒலி மட்டும் எஞ்சுகிறது.

ஒப்பாரியில் இது தலைகீழாக நிகழும். உறவுமுறை சொல்லி, இறந்தவரின் பெருமை சொல்லித் தொடங்கும் அடி, முடிவில் விம்மலில் உடைகிறது. அந்த விம்மலும் மெட்டுக்குள்ளேயே நிற்கும். துயரம் மொழியைத் தின்றுவிடும் இடத்தையும் பாட்டாக்கியவர் நம் கிராமத்துப் பெண்டிர்.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில் ஆண்களுக்கும் இத்தகைய பாட்டு இருந்தது. எருதுகள் சரிவில் இறங்கத் தோற்பை மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும். எருதுகள் பின்வாங்கி மேட்டை அடையும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு இசையப் பாடியவன் பாட்டில் சொல் பாதி, எருதை நோக்கிய கூவல் பாதி. எருது சொல்லைக் கேட்டு நடக்கவில்லை. குரலின் கனிவையும் கடுமையையும் கேட்டு நடந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தபின் கவலை படிப்படியாக ஓய்ந்தது. மோட்டார் இறைத்த நீர் மிகுதி. கிணற்றடிப் பாட்டு அடங்கியது.

இது தமிழருக்கு மட்டும் உரிய இயல்பன்று. கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த கிறித்தவத் துறவி அகஸ்தீன், சங்கீதங்களுக்கு எழுதிய விரிவுரையில் இதே காட்சியைக் குறிக்கிறார். அறுவடையிலும் கொடிமுந்திரித் தோட்டத்திலும் உழைப்போர் சொல்லோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி பெருகியதும் சொல்லை விட்டு ஒலிக்குள் புகுகின்றனர். சொல்லொணாத ஒன்றை நோக்கிப் பாட அதுவே தக்க முறை என்பது அவர் கருத்து. கிழக்கு ஐரோப்பிய யூதருள் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதிய நெறியினர் சொல்லற்ற மெட்டுகளையே வழிபாடாக்கினர். வடஇந்தியத் தரானாவும் தென்னகத்துத் தில்லானாவும் அசைகளால் ஆனவை. மொழிகள் பலவாயினும் சொல் ஓயுமிடத்தில் மனிதர் ஒன்றுபடுகின்றனர்.

மேடையில் எழுந்த வழக்கு

சொல் பெரிதா, இசை பெரிதா என்னும் வினா 20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பெரு வழக்காக மூண்டது. கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுந்திருந்த நிலையில், 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலை அரசர் முன்னிற்க, இராஜாஜி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் துணை நின்றனர். கோவையைச் சார்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இவ்வியக்கத்தின் தூண்களுள் ஒருவர். ஆளத்தி இலக்கணம் வரும் அரங்கேற்று காதையை உள்ளடக்கிய புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவரும் அவரே.

பொருள் விளங்காப் பாட்டைக் கேட்டுத் தலையசைப்பது போலி என்றனர் ஒரு சாரார். இசைக்கு மொழி ஏது என்றனர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மை.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரத்தில் தோடி இராகத்தை விரித்தபோது ஒரு சொல்லும் எழவில்லை. பாமரரும் பண்டிதரும் ஒருங்கே கட்டுண்டனர். சொல் விளங்கினால்தான் உருக முடியும் என்பது அங்கே பொய்த்தது. ஆனால் தியாகராசர் திருவையாற்றில் அமர்ந்து தெலுங்கில் பாடியவை வெறும் இராக வடிவங்கள் அல்ல. ஒருவர் தம் தெய்வத்தோடு நேருக்கு நேர் பேசிய பேச்சு. தெலுங்கு அறியாதார்க்கு அவர் ஏங்கினார் என்பது எட்டும்; எதற்கு ஏங்கினார் என்பது எட்டாது. இசை உணர்வைக் கொடுக்கும், வழக்கைக் கொடுக்காது.

பூண்டிப் பதிகம் இதற்குச் சரியான உரைகல். அதன் பண்ணை மட்டும் குழலில் வாசித்தால் கேட்போர்க்கு ஏக்கமோ கனிவோ தோன்றும். சொல்லோடு கேட்டால் மற்றொன்று தெரியவரும். கள்வர் மலிந்த இவ்வூரில் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கேட்கிறார் சுந்தரர். அதில் துயரம் உண்டு. தோழமையின் உரிமை உண்டு. மெல்லிய எள்ளலும் உண்டு. இழந்தவன் அழுவான், இழந்தவன் கேலி செய்வது அரிது. அந்தக் கேலியைப் பண்ணால் தனித்துச் சொல்ல இயலாது. அதற்குச் சொல் வேண்டும். ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் நடுங்கும் நெஞ்சைச் சொல்லால் தனித்துக் காட்டவும் இயலாது. அதற்குப் பண் வேண்டும். பாவலன் பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடல் வேறு ஊருக்கு வாய்க்கவில்லை.

எந்திரங்களின் நடுவே

1920களில் திருப்பூரில் வேர்விட்ட பின்னலாடைத் தொழில், பூண்டியையும் அவிநாசியையும் தன் எல்லைக்குள் ஈர்த்துக்கொண்டு வளர்ந்தது. தென்மாவட்டத்தாரைத் தொடர்ந்து பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலத்தாரும் இங்கே பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். ஒருகாலத்தில் வேற்றுமொழி வேடர் வழிமறித்ததாகப் பாடல் பெற்ற வழியில், இன்று வேற்றுமொழி உழைப்பாளர் குடும்பத்தோடு குடியிருக்கின்றனர். ஓவர்லாக் எந்திரத்தின் இரைச்சலில் எவர் பேச்சும் எவருக்கும் கேளாது. இரவில் ஓட்டு வீட்டு வரிசையில் ஒரு தாய் போஜ்புரியிலோ ஒடியாவிலோ குழந்தையைத் தாலாட்டினால், அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அது தாலாட்டு என்பதை உணர அவளுக்கு எவர் துணையும் வேண்டா.

பூண்டிக் கோயிலுக்கு மனநலம் குன்றியோரை உறவினர் அழைத்து வந்து, தீர்த்தத்தில் நீராட்டி வழிபடும் வழக்கமும் நெடுநாளாக உண்டு. சொல் ஒழுங்கு குலைந்தோரும் ஓதுவாரின் பண்ணும் மணியோசையும் கேட்கும் இடத்தில் அமர்த்தப்படுகின்றனர். சொல் எட்டாதவரிடத்தும் ஓசை எட்டக்கூடும் என்னும் நம்பிக்கை அவ்வழக்கத்தினடியில் இருக்கிறது எனலாம்.

கடமை ஒன்று

இவ்வரலாறு முழுவதிலும் ஒரே இழப்பு மீண்டும் மீண்டும் நிகழக் காணலாம். அறச்சலூரில் அசை எஞ்சியது, ஓசை போயிற்று. தில்லையில் ஏடு எஞ்சியது, பண் போயிற்று; ஒரு பெண்ணின் நினைவால் மீண்டது. திருப்புகழில் சந்தம் எஞ்சியது, மெட்டுப் போயிற்று. எழுதப்பட்டதே நிற்கும்; எழுத இயலாதது பாடியவரோடு போகும்.

நாட்டுப்பாடல் தொகுத்தோரும் பெரும்பாலும் சொற்களையே தொகுத்தனர். தாலாட்டு என்னும் தலைப்பின்கீழ் அச்சான பக்கங்களில் ஆராரோ ஒருமுறை வரும். பின் புள்ளியிட்டு விடுவர். ஒப்பாரியின் விம்மலை அச்சுக்கோப்பவர் எவ்வெழுத்தால் கோப்பார்? கவலைக் கிணற்றில் பாடியவருள் எஞ்சியோர் இன்று முதுமையின் கரையில் நிற்கின்றனர். அவர் கூவலின் ஏற்ற இறக்கம் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. முந்தைய தலைமுறையிடம் ஏடும் எழுத்தாணியும் மட்டுமே இருந்தன. ஓசையை விட்டுவிட்டதற்கு அவர்க்குக் காரணம் உண்டு. ஒலியைப் பதியும் கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ள இக்காலத்தில் அக்காரணம் செல்லாது.

இலக்கிய வட்டங்கள் சொல்லைப் போற்றும் அவைகள். அவ்வவைகளே சொல் ஓய்ந்த இடத்தையும் காக்க முன்வருதல் தகும். தம் ஊரில் ஒரு மூதாட்டியின் தாலாட்டை, ஒரு முதியவரின் கிணற்றடிக் கூவலை, சொல்லுக்காக மட்டுமன்றி மூச்சுக்காகவும் இடைவெளிக்காகவும் பதிந்து வைத்தல் பெரும்பொருள் வேண்டாப் பணி. பாடியவர் பெயரையும் ஊரையும் உடன் குறித்தல் வேண்டும். தேவன் சாத்தன் தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டான். கிணற்றடியில் பாடியவர்க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

பூண்டியில் பறிபோன பொன்னும் மணியும் ஒரு பதிகத்தால் வாயிலில் வந்து குவிந்தன. பறிபோகும் ஓசைகளை மீட்க அத்தகைய பதிகம் எவரிடமும் இல்லை. போகுமுன் காப்பதே வழி.